கேட்கக் கற்ற வகுப்பு

கல்லூரியில் நான் பயின்ற பாடங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை தேர்வு முடிந்த மறுநாளே என்னிடம் விடைபெற்றுக்கொண்டன. ஒரே ஒரு பாடத்தின் ஒரு மணி நேரம் மட்டும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மக்களின் மொழியை அவர்களுடைய வாழ்க்கையோடு சேர்த்து ஆராயும் பகுதி ஒன்று எங்கள் மானிடவியல் வகுப்பில் இருந்தது. மொழிசார் மானிடவியல் என்பது அதன் பெயர். அதன் தொடக்கப் பாடத்திலேயே நான் வெட்கித் தலைகுனிய நேர்ந்தது. அந்த வெட்கம் எனக்கு நன்மையே செய்தது. அதனை முதலில் சொல்லி, அத்தகைய வகுப்புகள் தோன்றி வளர்ந்த வரலாற்றைப் பின்னர்க் கூறுகிறேன்.

எங்களுடன் நீலகிரியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பயின்றார். அவர் படகர். ஊரிலிருந்து எவரேனும் அவரைக் காண விடுதிக்கு வந்தால் இருவரும் தம் தாய்மொழியிலேயே உரையாடுவர். அதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். ஒருநாள் நான் எல்லார் முன்னிலையிலும், “எழுத்து இல்லாத பேச்சை மொழி என்று எப்படிச் சொல்வது?” என்று கேட்டுவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஆனால் அதன் பின்னர் எங்கள் காதில் விழும்படி தம் மொழியில் பேசுவதை அவர் நிறுத்திக்கொண்டார்.

இச்செய்தி எங்கள் ஆசிரியருக்கு எட்டியதோ இல்லையோ, நான் அறியேன். பாடம் தொடங்கிய முதல் வாரத்தில் அவர் அந்த நண்பரிடம் தனியே பேசி, இசைவு பெற்று, அவரைத் தம் நாற்காலியில் அமரச் செய்தார். தாம் இறங்கிவந்து எங்களோடு விசிப்பலகையில் உட்கார்ந்தார். “இன்று இவர் ஆசிரியர், நான் மாணவன்” என்றார். நண்பர் தம் பாட்டியார் உச்சரிக்கும் முறைப்படி மூன்று சொற்களை மெல்லச் சொன்னார். ஒன்றுக்கு வாய் என்பது பொருள்; மற்றொன்றுக்கு வளையல்; மூன்றாவதற்குப் பயிர். கேட்டதைக் கேட்டவாறே நாங்கள் எழுதவேண்டும். நான் மூன்று இடத்திலும் ‘பெ’ என்றே எழுதினேன். மீண்டும் மீண்டும் சொல்லச் செய்தும் வகுப்பில் ஒருவருக்கேனும் வேறுபாடு பிடிபடவில்லை. எங்கள் ஆசிரியரே ஒன்றைத் தவறாக எழுதிவிட்டு, அதைத் தயங்காமல் ஒப்புக்கொண்டார். நண்பர் புன்னகை செய்தார். அவர் அவ்வாறு புன்னகை செய்து நான் பல நாள் ஆகியிருந்தது.

நுட்பம் எங்கே இருந்தது? கன்னடத்தோடு நெருங்கிய உறவுடைய படகர் மொழியில், பழைய தலைமுறையினர் நாவை நேராக வைத்தும், சிறிது வளைத்தும், நன்கு வளைத்தும் உயிரெழுத்துகளை ஒலித்து வந்தனர். வளையலுக்குக் கன்னடத்தில் ‘பளெ’ என்றும், விளைந்த பயிருக்குப் ‘பெளெ’ என்றும் பெயர். நம்முடைய ‘வளை’, ‘விளை’ என்பவை அவற்றின் உடன்பிறப்புகள். படகர் சொற்களில் இடையிலுள்ள ளகரம் மறைந்துவிட்டது. ஆனால் அதன் வளைவு உயிரில் தங்கிவிட்டது. உலக மொழிகளில் மிக அரிதாகவே காணப்படும் இந்த நுட்பத்தை 1939-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக எழுதி அறிஞர் உலகத்திற்கு அறிவித்தவர் மர்ரே எமனோ என்பவர். நான் ‘மொழியா?’ என்று கேட்ட அந்தப் பேச்சின் மூன்று சொற்களைப் பிரித்தறியும் ஆற்றல் என் காதுக்கு இல்லை! குறை எங்கே இருந்தது என்பதை அன்று உணர்ந்தேன்.

இந்தக் குறை எனக்கு மட்டும் உரியதன்று. பேரறிஞர்களுக்கும் இருந்தது. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்தே இக்கல்வியின் வரலாறு தொடங்குகிறது எனலாம்.

ஜெர்மனியில் 1858-ஆம் ஆண்டு பிறந்த பிரான்ஸ் போவாஸ் முதலில் பயின்றது இயற்பியல். கடல் நீரின் நிறத்தைப் பற்றி ஆராய்ந்து 1881-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1883-ஆம் ஆண்டு வட கனடாவிலுள்ள பாபின் தீவுக்குச் சென்று, அங்கு வாழும் இன்யூட் மக்களோடு ஓராண்டு தங்கினார். அக்காலத்தில் அறிஞர் சிலர், பழங்குடி மக்களின் மொழிகளில் ஒலிகள் நிலையாக இல்லை, ஒரே சொல்லை அவர்கள் இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் ஒலிக்கின்றனர் என்று எழுதிவந்தனர். அம்மொழிகள் வளர்ச்சி பெறாதவை என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினர். போவாஸ் தம் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார். ஒரே சொல்லைத் தாமே வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு விதமாக எழுதியிருக்கக் கண்டார். 1889-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்று அந்தப் பழங்கொள்கையைத் தகர்த்தது. மாறுவது பேசுவோரின் ஒலியன்று. கேட்போரின் காதே தடுமாறுகிறது. தன் தாய்மொழியில் இல்லாத ஓர் ஒலியைக் கேட்கும்போது, மனம் அதைத் தான் அறிந்த ஒலிகளுள் ஒன்றாக எண்ணிக்கொள்கிறது. எந்த நாட்டார் எழுதிய குறிப்பு என்பதை அதிலுள்ள பிழைகளைக் கொண்டே ஊகிக்கலாம் என்றும் அவர் காட்டினார்.

போவாஸ் 1896-ஆம் ஆண்டு நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அமெரிக்கப் பழங்குடி மொழிகளைப் பற்றிய அவருடைய வகுப்பு, அவர் இல்லத்தில் உணவு மேசையைச் சுற்றி நடந்தது. மாணவர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ஆல்பிரட் குரோபர். ஆங்கில இலக்கியம் பயின்ற அந்த இளைஞர் அந்த மேசையில் அமர்ந்த பின்னர் தம் வழியையே மாற்றிக்கொண்டு மானிடவியலறிஞர் ஆனார். இலக்கணத்தை நூலிலிருந்து மனப்பாடம் செய்வது அங்கு முறையன்று. மக்கள் சொன்ன கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பிரித்து, அம்மொழியின் இலக்கணத்தை அதிலிருந்தே கண்டறிவது முறை.

இவ்வரலாற்றில் ஒளி மட்டுமே உண்டு என்று சொன்னால் நான் உண்மையை மறைத்தவன் ஆவேன். 1897-ஆம் ஆண்டில் கிரீன்லாந்திலிருந்து 6 இன்யூட் மக்கள் நியூயார்க்கு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களை அழைத்துவந்தவர் ராபர்ட் பியரி என்னும் பயணர்; ஆராய்ச்சிக்காக ஒருவரை அழைத்துவருமாறு கேட்டவர் போவாஸ். குரோபர் அவர்களிடம் மொழியும் வழக்கங்களும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பழகாத தட்பவெப்பமும் நோயும் தாக்க, சில மாதங்களுக்குள் அவர்களுள் 4 பேர் இறந்தனர். இறந்தவர்களின் எலும்புகள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. தன் தந்தை அடக்கம் செய்யப்பட்டார் என்று நம்பியிருந்த மினிக் என்னும் சிறுவன் பின்னாளில் உண்மையை அறிந்து கலங்கினான். அவர்களுடைய எலும்புகள் 1993-ஆம் ஆண்டில்தான் கிரீன்லாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன. மொழி சொல்லித்தருபவரை ஆசிரியராக மதியாமல் காட்சிப் பொருளாகக் கருதினால் எத்தகைய கொடுமை நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எங்கள் ஆசிரியர் எங்கள் நண்பரிடம் முதலில் இசைவு கேட்டதன் பொருள், இந்நிகழ்ச்சியைப் படித்த பிறகே எனக்கு விளங்கிற்று.

போவாசின் மாணவர்களுள் தலைசிறந்தவர் எட்வர்டு சபீர். 1884-இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடியேறிய அவர், கொலம்பியாவில் ஜெர்மானிய மொழிகளைப் பயின்றுகொண்டிருந்தார். மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான உண்மைகள் எனத் தாம் கருதியவற்றை அவர் போவாசிடம் சொன்னாராம். ஒவ்வொன்றுக்கும் பழங்குடி மொழி ஒன்றிலிருந்து மாறான எடுத்துக்காட்டுப் போவாசிடம் இருந்தது. மொழியைப் பற்றித் தாம் இனித்தான் கற்கவேண்டும் என்பதைச் சபீர் உணர்ந்தார். 1905-ஆம் ஆண்டிலேயே பழங்குடி மக்களிடம் மொழி பயிலப் புறப்பட்டுவிட்டார்.

போவாஸ் காட்டிய எடுத்துக்காட்டுகள் எத்தகையவை? வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் குவாக்கியூட்டில் என்றொரு மொழி உண்டு. அதில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது, அவர் கண்ணுக்குத் தெரிகிறாரா, தெரியவில்லையா என்பதையும் இலக்கணப்படி குறிக்கவேண்டும். நமக்கு இது வியப்பாகத் தோன்றும். ஆனால் நாம் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் பிரித்துச் சொல்வது ஆங்கிலேயருக்கு அதே அளவு வியப்பைத் தரும். கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறோமா, விலக்குகிறோமா என்பதைத் தமிழர் ஒவ்வொரு முறையும் சொல்லியே தீரவேண்டும். ஆங்கிலேயருக்கு அக்கடமை இல்லை. ஒரு மொழி எதைச் சொல்ல முடியும் என்பதைவிட, எதைச் சொல்லாமல் விட முடியாது என்பதே அதன் தனித்தன்மையைக் காட்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, “எஸ்கிமோ மொழியில் வெண்பனிக்கு நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டல்லவா?” என்று பெருமிதத்தோடு கேட்டார். நீங்களும் அதைக் கேட்டிருப்பீர்கள். 1911-ஆம் ஆண்டில் போவாஸ் எழுதிய நூல்முகத்தில் இருந்தவை நான்கே சொற்கள்: தரையில் கிடக்கும் பனி, விழுகின்ற பனி, காற்றில் அடித்துச் செல்லப்படும் பனி, காற்றால் குவிந்த பனி. நூலுக்கு நூல் அத்தொகை பெருகிக்கொண்டே போயிற்று. அது பெருகிய கதையை லாரா மார்ட்டின் என்னும் மானிடவியலார் 1986-ஆம் ஆண்டில் எழுதினார். ஒரு மக்களைப் பற்றி வியப்பான செய்தி கேட்டால், அம்மக்களிடம் கேட்டு உறுதி செய்யாமலே பரப்பிவிடுகிறோம். இகழ்ச்சியைப் போலவே வியப்பும் சில வேளைகளில் செவியை அடைத்துவிடும்.

சபீர் தம் கண்டுபிடிப்புகளுள் ஒன்றை ஒரு மாணவரிடமிருந்தே பெற்றார். அவர் டோனி டில்லோஹாஷ். தென் பையூட் மொழி பேசுபவர். 1910-ஆம் ஆண்டில் சபீருக்குத் தம் மொழியைக் கற்பித்தவர். நீரருகே என்னும் பொருளுடைய ஒரு சொல்லை அசை அசையாகப் பிரித்து எழுதுமாறு சபீர் கேட்டார். அச்சொல்லின் இடையிலுள்ள பகரம், உயிர்களுக்கு நடுவே நிற்பதால், மெலிந்து வகரம்போல் ஒலிக்கும். சபீரின் காது அதைத் தெளிவாகக் கேட்டது. டில்லோஹாஷ் எழுதியதோ வல்லொலியான பகரம்! அவர் தவறு செய்யவில்லை. காது கேட்டதை அவர் எழுதவில்லை. தம் மொழியை அறிந்த மனம் உணர்ந்ததை எழுதினார்.

தமிழ் மாணவருக்கு இது புரிவது எளிது. ‘கடல்’ என்னும் சொல்லின் ககரத்தையும், ‘தங்கம்’ என்பதன் ககரத்தையும், ‘பகல்’ என்பதன் ககரத்தையும் சொல்லிப் பாருங்கள். மூன்றும் வேறு வேறு ஒலிகள். ஆயினும் நமக்கு மூன்றும் ஒரே எழுத்து. வேற்று மொழியார் நம்மிடம் தமிழ் கற்கும்போதுதான் அவ்வேறுபாடு நம் கவனத்திற்கு வருகிறது.

இக்கண்டுபிடிப்பை விளக்கிச் சபீர் 1933-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், தம் வகுப்பு மாணவர் செய்த பிழையும் இடம்பெற்றிருக்கிறது. தொண்டையில் காற்றைச் சட்டென நிறுத்தி எழுப்பும் ஓர் ஒலியை அவர்கள் புதிதாகக் கற்றிருந்தனர். பிறகு ஆசிரியர் சில சொற்களைச் சொல்லி எழுதச் சொன்னால், அழுத்திச் சொல்லும் குற்றுயிரில் முடியும் சொற்களின் இறுதியில் அந்த ஒலியையும் சேர்த்து எழுதினர். ஆசிரியர் சொல்லாத ஒலி எங்கிருந்து வந்தது? ஆங்கிலச் சொற்கள் அவ்வாறு அழுத்தமான குற்றுயிரில் முடிவதில்லை. எனவே அவர்கள் மனம் ஒரு மெய்யை எதிர்பார்த்தது, இல்லாததைக் கேட்டுவிட்டது. படகர் மொழியில் இருந்ததை நாங்கள் கேட்கவில்லை. அந்த மாணவரோ இல்லாததைக் கேட்டனர். அவர்கள் பிழையைக் கண்டு சபீர் சினந்துகொள்ளவில்லை. அதையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார்.

நாற்காலி மாறிய கதை ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. தகோட்டா இனத்தில் 1889-ஆம் ஆண்டு பிறந்த எல்லா டெலோரியா என்னும் அம்மையார் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் பயின்று 1915-இல் பட்டம் பெற்றார். அவர் ஆங்கு மாணவியாக இருந்தபோதே போவாஸ் அவரை நாடி, தம் மாணவருடன் சேர்ந்து அவருடைய மொழியின் கதைகளை ஆராயும் பணியில் ஈடுபடுத்தினார். அம்மையார் பிற்காலத்தில் பழைய குறிப்புகளில் இருந்த பிழைகளை மக்களிடமே கேட்டுத் திருத்தினார். 1932-ஆம் ஆண்டில் தகோட்டா மக்களின் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1941-இல் வெளிவந்த தகோட்டா இலக்கண நூலில் போவாசின் பெயரோடு அவர் பெயரும் ஆசிரியர் பெயராகப் பொறிக்கப்பட்டது. சான்று தருபவராக அழைக்கப்பட்டவர் நூலாசிரியர் ஆனார்.

1931-ஆம் ஆண்டில் சபீர் ஏல் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அங்கு அவர் பழங்குடி மொழிகளைப் பற்றி நடத்திய முதல் பாடத்திலேயே பெஞ்சமின் லீ வோர்ஃப் சேர்ந்தார். அவர் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பொறியாளர். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே எச்சரிக்கையாக நடப்பவர்கள், ‘காலி’ என்று பெயரிட்ட பீப்பாய்களின் அருகே கவலையின்றிப் புகைபிடித்ததை அவர் எடுத்துக்காட்டினார். காலிப் பீப்பாயில் எஞ்சியிருக்கும் ஆவியே மிகக் கொடியது. சொல் மனத்தை மயக்குகிறது என்பது அவர் கருத்து. அக்கருத்து இன்றும் ஆராயத்தக்கதே. ஆனால் ஹோப்பி மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களே இல்லை என்று அவர் எழுதியது நிலைக்கவில்லை. அவருக்கு அம்மொழியைப் பெரும்பாலும் கற்பித்தவர் நியூயார்க்கில் வாழ்ந்த ஒரு ஹோப்பியரே. எக்கேஹார்ட் மலோட்கி என்னும் அறிஞர் ஹோப்பி மக்களிடம் கேட்டறிந்து, அம்மொழியிலுள்ள எண்ணற்ற காலச் சொற்களை 1983-ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக வெளியிட்டார்.

அதே ஏல் பல்கலைக்கழகத்தில் சபீரிடம் பயின்றவரே நான் முன்னர்க் குறிப்பிட்ட எமனோ. கனடாவில் 1904-ஆம் ஆண்டு பிறந்தவர். வடமொழியில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் 1935-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து மூன்றாண்டுகள் தங்கி, தோடர், கோத்தர், குடகர், கோலாமியர் ஆகியோரின் மொழிகளைப் பயின்றார். வடமொழி கற்ற பெரும்புலவர் ஒருவர், எழுத்தில்லாத மொழி பேசுவோரிடம் குறிப்பேட்டுடன் மாணவராக அமர்ந்தார். சுள்ளி என்னும் கோத்தர் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்ட கதைகள் 1944 முதல் நூல்களாக வெளிவந்தன. சபீரிடம் பயின்ற மற்றொருவராகிய டேவிட் மாண்டெல்பாமுக்கும் அதே சுள்ளிதான் வழிகாட்டி. தம் மக்களிடையே சீர்திருத்தம் செய்ய முனைந்த அவருடைய வாழ்க்கையை மாண்டெல்பாம் 1960-ஆம் ஆண்டில் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

தோடர்களின் மொழியில், நாவை அதிரச் செய்து ஒலிக்கும் ரகர வகைகள் மட்டும் ஆறு உண்டு. அவர்கள் பாடும் பாடல்களை எமனோ 1971-ஆம் ஆண்டில் பெரிய நூலாகத் தந்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1961-இல், ஆக்ஸ்போர்டு அறிஞர் தாமஸ் பரோவுடன் சேர்ந்து திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டிருந்தார். அதனைத் திறந்து பாருங்கள். சங்க இலக்கியம் கண்ட தமிழ்ச் சொல்லுக்கு அருகிலேயே, அதே வரிசையில், தோடர் சொல்லும் கோத்தர் சொல்லும் நிற்கின்றன. அங்கு மேலோர், கீழோர் என்னும் வரிசை இல்லை. நம் பழஞ்சொற்களின் வரலாற்றை அறிவதற்கு அந்த மலைவாழ் மக்களின் சொற்கள் துணைசெய்கின்றன. எமனோ 101 ஆண்டுகள் வாழ்ந்து 2005-ஆம் ஆண்டில் மறைந்தார்.

எங்கள் வகுப்புக்குத் திரும்புவோம். அன்று மாலை நான் நண்பரின் அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசாமல், “வளையல் என்பதைச் சொல்லுங்கள், பார்ப்போம்” என்றார். சொன்னேன். “இது வாய்” என்றார். மறுபடியும் சொன்னேன். “இதுவும் வாய்தான்” என்று சொல்லிச் சிரித்தார். இம்முறை சிரித்தவர் அவர். பிழை செய்தவன் நான். அந்த மாணாக்க நிலை எனக்குப் பிடித்திருந்தது. பல மாதம் முயன்று, கேட்டால் பிரித்தறியும் அளவுக்குத் தேறினேன். சொல்வதில் இன்றுவரை தேறவில்லை.

ஆண்டுத் தேர்வில் அப்பாடத்தில் நான் பெற்ற மதிப்பெண் இப்போது நினைவில் இல்லை. நினைவில் நிற்பது வேறு. அதன் பின்னர் விடுதிக்கு அவருடைய ஊர்க்காரர்கள் வந்தபோது அவர் தாழ்வாரத்திலேயே நின்று, உரத்த குரலில், தம் மொழியில் அவர்களை வரவேற்றார்.

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பிலும் வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசுகிறவர்கள் இருப்பார்கள். வட்டாரப் பேச்சைப் பேச நாணி வாய் மூடியிருப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுள் ஒருவரிடம் சென்று, “உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். எழுதியதை அவரிடமே காட்டுங்கள். அவர் திருத்துவார். போவாசின் உணவு மேசையில் தொடங்கிய பாடம் அதுவே. அதைப் பயில உங்களுக்கு வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை.